செல்போனும் சிலந்தி வலையும்: பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விடுமுறை நாட்களில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு மரம், குளம், புல்வெளி என்று சுற்றுவது என் வழக்கம். எங்கள் பையில் இரண்டு பழைய செல்போன், ஒரு பூதக்கண்ணாடி, ஆளுக்கொரு நோட்டு இருக்கும். இதைக் கேள்விப்படுகிற பெற்றோரும் ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஓரிடத்தில் வைத்திருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. உங்களுக்கு வேண்டிய கேள்விக்கு நேராகப் போய்விடலாம்.

போனைக் குறைக்கத்தானே வெளியே கூட்டிப் போகிறோம்? அங்கேயும் போனா?

நியாயமான கேள்விதான். ஆரம்பத்தில் நானும் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்கிற ஆள். மனம் மாறியது ஒரு சிலந்தி வலையால். பனி விழுந்த ஒரு காலை, வேலியோரத்து வலை முழுக்க நீர்த்துளிகள். எட்டு வயதுப் பையன் ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டு "வலைதானே" என்று நகர்ந்துவிட்டான். போன் கேமராவில் ஒரு சின்ன லென்ஸை மாட்டி அவன் கையில் கொடுத்தேன். இரண்டு நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம் "இந்தத் துளிக்குள்ள மரம் தலைகீழா நிக்குது!" என்று கத்தினான். ஒவ்வொரு துளியும் ஒரு குட்டி லென்ஸ், பின்னால் இருக்கிற காட்சியைக் கவிழ்த்துக் காட்டும். அடுத்து அவன் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. போனை என்னிடம் நீட்டிவிட்டு, அதே மரம் வெறுங்கண்ணுக்கும் தெரிகிறதா என்று மூக்கு வலையில் படுகிற அளவுக்குக் குனிந்தான். தெரிந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஓர் அளவுகோல். கருவியைக் கொடுத்த பிறகு பிள்ளை அந்தப் பூச்சிக்கோ இலைக்கோ முன்பைவிடக் கிட்டே போகிறதா, விலகிப் போகிறதா? கிட்டே போனால் அந்தக் கருவி பையில் இருக்கட்டும். திறந்தவெளியில் ஓடி ஓடித் திரையில் தோன்றும் கார்ட்டூன் மிருகங்களைப் பிடிக்கிற விளையாட்டில் காலுக்கு நடை கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் காலடியில் ஊரும் எறும்பு வரிசை அந்தப் பிள்ளையின் கண்ணில் படுவதே இல்லை. அதை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எந்த வயதில் தொடங்கலாம்?

உலக சுகாதார நிறுவனம் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்காக 2019ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இப்படிச் சொல்கிறது: இரண்டு வயது ஆகும்வரை உட்கார்ந்து திரை பார்க்கும் பழக்கமே வேண்டாம். இரண்டிலிருந்து நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. ஆகவே சின்னக் குழந்தைகளுக்கு போன் உங்கள் கையிலேயே இருக்கட்டும். எதைப் படம் எடுப்பது என்று விரல் நீட்டுவது மட்டும் அவர்கள் வேலை.

ஐந்து, ஆறு வயதில் தாங்களே படம் எடுப்பார்கள். எட்டு வயதுக்கு மேல் ஒலிப்பதிவு, டைம்லாப்ஸ் (இடைவெளிவிட்டு எடுத்த படங்களை வேகமாக ஓட்டுவது) எல்லாம் பிடிபடும். கோடிங், ஜிபிஎஸ் புதையல் வேட்டை பத்து வயதில் நன்றாகச் சூடுபிடிக்கும். இது என் அனுபவக் கணக்குதான். உங்கள் பிள்ளை ஆறு வயதிலேயே என்னைத் தோற்கடிக்கலாம்.

என்னென்ன வாங்க வேண்டும்?

முதலில் எதுவும் வாங்காதீர்கள். மேசை டிராயரில் தூங்கும் பழைய போன் ஒன்று போதும். சிம் கார்டு இல்லாவிட்டாலும் அதில் கேமரா, ஒலிப்பதிவு, ஜிபிஎஸ் எல்லாம் வேலை செய்யும். சொல்லப்போனால் சிம் இல்லாமல் இருப்பதே நல்லது. நடுவில் யாரும் கூப்பிட மாட்டார்கள், மெசேஜும் வராது. கேம்களை அழித்துவிட்டுக் கொடுங்கள். கீழே விழத்தான் போகிறது, அதனால் ஒரு தடித்த உறையும் கழுத்தில் மாட்டக் கயிறும் போடுங்கள்.

இரண்டு மூன்று தடவை போய்வந்து பிள்ளைக்கு ஆர்வம் நிலைத்தால் கேமராவில் கவ்வும் மேக்ரோ லென்ஸ், அதாவது மிகக் கிட்டே எடுக்க உதவும் லென்ஸ், வாங்கலாம். அதற்கடுத்து ஃபோல்ட்ஸ்கோப். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் ஜிம் சிபுல்ஸ்கியும் உருவாக்கிய காகித நுண்ணோக்கி அது. காகிதத்தை மடித்து, உள்ளே ஒரு குட்டிக் கண்ணாடி மணியை வைத்தால் சுமார் 140 மடங்கு பெரிதாகக் காட்டும். காந்தத்தால் போன் கேமராவோடு ஒட்டிக்கொள்ளும். குளத்துத் தண்ணீர் ஒரு சொட்டை அதில் பார்த்த பிள்ளைகளை வீட்டுக்குக் கிளப்புவது பெரும்பாடு.

முதல் நாளே பிள்ளைகளைக் கவர்கிற மாதிரி ஏதாவது?

தண்ணீர்த் துளி லென்ஸ். கேமராக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, அதன் மேல் உறிஞ்சுகுழாயின் நுனியால் ஒரே ஒரு சொட்டு வையுங்கள். போனைச் சட்டென்று திருப்பினால் சொட்டு விழாமல் தொங்கும். இப்போது ஓர் இலைக்கு மிக அருகே, ஒரு விரற்கடை தூரத்துக்குள், மெல்ல மேலும் கீழும் நகர்த்துங்கள். ஏதோ ஓர் இடத்தில் இலையின் நரம்புகள் பளிச்சென்று தெரியும். இலைக்குப் பதிலாகச் சட்டைத் துணி, மணல், விரல் ரேகை என்று ஆளாளுக்குத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். சொட்டு பெரிதானால் படம் கலங்கும். எத்தனை சின்னச் சொட்டு வைக்க முடியும் என்பதே ஒரு போட்டியாகிவிடும். தண்ணீர் போனுக்குள் இறங்கலாம், பழைய போனில் செய்யச் சொல்வதற்குக் காரணம் இதுதான்!

செடி, பூச்சிகளின் பெயரைச் சொல்லும் ஆப்களை நம்பலாமா?

பாதி நம்பலாம். அந்தப் பாதியே பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு.

சிறுவர்களுக்கு நான் பரிந்துரைப்பது சீக் என்ற ஆப். கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, கேமராவை நீட்டினால் போதும். வண்டு என்றால் முதலில் 'பூச்சி' என்று காட்டும், கிட்டே போகப் போகக் குடும்பம், பேரினம், இனம் என்று இறங்கிவரும். அந்த இறக்கமே பாடம். உயிரினங்களை எப்படி அடுக்கடுக்காக வகைப்படுத்துகிறார்கள் என்று கரும்பலகையில் விளக்கிப் புரியாதது இங்கே கேமராவை நகர்த்தும்போது புரிந்துவிடுகிறது. இதன் அண்ணன் ஐநேச்சுரலிஸ்ட். 2008ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் மாணவர்கள் சிலர் முதுகலைப் படிப்புக்காகச் செய்த ப்ராஜெக்டாகத் தொடங்கியது. அதில் நீங்கள் ஏற்றும் படத்தை மற்ற பயனர்கள் பார்த்துப் பெயரை உறுதி செய்வார்கள் அல்லது மறுப்பார்கள். படத்தோடு தேதியும் இடமும் இருந்து, பெயரில் போதிய ஒப்புதலும் வந்தால் அந்தப் பதிவை ஆய்வாளர்கள் எடுத்துப் பயன்படுத்த முடியும். தான் எடுத்த தட்டான் படம் ஓர் ஆய்வுக்குப் போகலாம் என்று தெரிந்ததும் பதினொரு வயதுப் பிள்ளையின் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

நான் வைத்திருக்கும் விதி இது. ஆப்பைத் திறக்கும் முன் பிள்ளை மூன்று விஷயம் சொல்ல வேண்டும். எத்தனை கால், இலையின் ஓரம் எப்படி, வாசனை உண்டா, இப்படி எதுவானாலும் சரி. பிறகு தன் ஊகத்தைச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் ஆப். ஊகத்துக்கும் ஆப்புக்கும் ஒத்துவராவிட்டால் மறுபடி செடியிடமே போய்ப் பார்க்க வேண்டும். சில தடவை பிள்ளை சொன்னதுதான் சரியாக இருக்கும். அப்போது பார்க்க வேண்டும் அந்தப் பெருமையை.

ஒன்று மட்டும் கண்டிப்பு. ஆப் என்ன சொன்னாலும் காளான், பழம், விதை எதையும் வாயில் வைக்கக் கூடாது. இதில் பேச்சுவார்த்தையே கிடையாது.

ஸ்லோ மோஷனில் எதை எடுப்பது?

எனக்குப் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீட்டிவிடுகிறேன்.

இப்போதைய போன்கள் பலவற்றில் நொடிக்கு 240 படம் எடுக்கும் வசதி உண்டு. அதை நொடிக்கு 30 படமாக ஓட்டினால் எல்லாம் எட்டில் ஒரு பங்கு வேகத்தில் நடக்கும். பட்டாம்பூச்சி நொடிக்குச் சுமார் 10 தடவை சிறகடிக்கிறது. ஓர் அடிப்புக்கு 24 படம் கிடைப்பதால் சிறகு வளைவது, மேலே போய் ஒன்றோடொன்று சேர்வது எல்லாம் துல்லியமாகத் தெரியும். தட்டான் நொடிக்கு ஏறத்தாழ 30 தடவை அடிக்கிறது. ஓர் அடிப்புக்கு எட்டுப் படம் கிடைக்கும், அதுவும் பரவாயில்லை. முன் சிறகும் பின் சிறகும் தனித்தனியாக அசைவதைப் பிடித்துவிடலாம்.

அடுத்து தேனீயை எடுக்கச் சொல்லுங்கள். நன்றாக எடுத்தும் சிறகு மங்கலாக, ஏதோ மெல்ல மிதப்பது போலத் தெரியும். "போன் கெட்டுப்போச்சு" என்பார்கள். கெடவில்லை. தேனீ நொடிக்கு 230 தடவைபோல் சிறகடிக்கிறது. ஓர் அடிப்புக்குக் கிடைப்பதே ஒரே ஒரு படம். ஒவ்வொரு தடவையும் சிறகு கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வரும்போதே கேமரா படம் எடுப்பதால், அது அசையாமல் நிற்பது போல ஒரு மாயம். வேகமாக ஓடும் வண்டியின் சக்கரம் வீடியோவில் பின்னோக்கிச் சுற்றுவதும் இதே கதைதான். இந்தக் கணக்கை நீங்களே போட்டுச் சொல்லிவிடாதீர்கள். மூன்று வீடியோவையும் காட்டி, "240ஐ எதால் வகுக்கணும்?" என்று மட்டும் கேளுங்கள். வகுத்தல் பிடிக்காத ஒரு பெண் குச்சியால் மண்ணில் வகுத்துப் பார்த்ததை நான் கண்டேன்.

தேனீயைப் பூவில் அமர்ந்திருக்கும்போது எடுங்கள், கூட்டுக்கு அருகே போக வேண்டாம். வெளிச்சம் நிறைய இருந்தால்தான் ஸ்லோ மோஷன் எடுபடும்.

டைம்லாப்ஸ் எடுத்தால் பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்குமா?

வேகமாக முடிவதில் தொடங்கினால் இருக்கும். மேகம் சரியான தொடக்கம். ஐந்து நொடிக்கு ஒரு படம் என்று இருபது நிமிடம் எடுத்தால் 240 படம் சேரும். நொடிக்கு 24 படமாக ஓட்டினால் பத்து நொடி வீடியோ. போனைக் கற்களுக்கு நடுவே அசையாமல் நிறுத்திவிட்டு, அந்த இருபது நிமிடமும் மல்லாந்து படுத்து அதே மேகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்கு நின்றதுபோல் இருந்த மேகம் திரையில் கொதிப்பதைப் பார்த்து அதிர்ந்து போவார்கள்.

அது பிடித்துவிட்டால் விதை முளைப்பது. பத்து நிமிடத்துக்கு ஒரு படம், ஐந்து நாள், மொத்தம் 720 படம், முப்பது நொடி. போனை சார்ஜரிலேயே வைக்க வேண்டும். இரவில் படம் இருட்டாகாமல் இருக்க ஒரு சின்ன விளக்கு வேண்டும். யாராவது நகர்த்திவிடுவார்கள். எங்கள் முதல் முயற்சியில் மூன்றாம் நாள் பூனை தட்டிவிட்டது. முளைக்கு நடுவே பூனையின் மீசை வந்த அந்த வீடியோதான் இன்றும் பிள்ளைகளுக்குப் பிடித்தது.

சத்தத்தை வைத்து ஏதாவது செய்யலாமா?

செய்யலாம், கண்ணை மூடிக்கொண்டே செய்யலாம். நோட்டின் நடுவே ஒரு புள்ளி, அதுதான் நான். ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்கார வேண்டும். சத்தம் வந்த திசையில், அது இருக்கும் தூரத்துக்கு ஏற்ப ஒரு குறி போட வேண்டும். அதே ஐந்து நிமிடத்தை போனும் பதிவு செய்யட்டும். அப்புறம் பதிவைக் கேட்டு வரைபடத்தோடு ஒப்பிட்டால், காது தவறவிட்டதைப் போன் பிடித்திருக்கும், போன் தவறவிட்டதைக் காது பிடித்திருக்கும். காற்று மைக்கில் மோதி இரைந்தால் போனுக்கு ஒரு சாக்ஸ் மாட்டுங்கள். சிரிக்காதீர்கள், நன்றாகவே வேலை செய்யும்.

பறவைக் குரலுக்கு கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் ஆப் இருக்கிறது. ஒலியைக் கேட்டுப் பெயர் சொல்லும் வசதி 2021ல் அதில் சேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால் அது ஒலியைப் படமாக மாற்றி, அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பறவையைக் கண்டுபிடிக்கிறது. அந்தப் படம் திரையில் ஓடுவதைப் பிள்ளைகளும் பார்க்கலாம். கொஞ்ச நாளில் "இது மேலே ஏறுற கோடு, அந்தக் குருவிதான்" என்று அவர்களே சொல்வார்கள். ஆனால் பதிவான குரலை ஒலிபெருக்கியில் போட்டுப் பறவையை வரவழைக்கும் ஆசை வரும், அதைத் தடுத்துவிடுங்கள். தன் இடத்துக்குள் போட்டியாளர் வந்துவிட்டதாக நினைத்து அது இரையையும் கூட்டையும் விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும்.

மாலையில் சிள்வண்டு கத்தினால் வெப்பநிலை அளக்கலாம். அமெரிக்க இயற்பியலாளர் ஏமோஸ் டால்பியர் 1897ல் இதற்கு ஒரு சூத்திரம் எழுதினார். அதன் எளிய வடிவம்: எட்டு நொடியில் எத்தனை தடவை கத்துகிறது என்று எண்ணி ஐந்தைக் கூட்டினால் சுமாராக செல்சியஸ் அளவு வரும். சூடு கூடினால் பூச்சியின் உடலில் வேதிவினை வேகம் கூடுகிறது, கத்தலும் வேகமாகிறது. அந்தச் சூத்திரத்தோடு சேர்த்துப் பேசப்படுவது வட அமெரிக்காவின் ஒரு மரச் சிள்வண்டு. உங்கள் பக்கத்து சிள்வண்டுக்கு எண் மாறும். அதனால் ஒரு வெப்பமானியைக் கொடுத்து, தங்கள் சிள்வண்டுக்குத் தாங்களே சூத்திரம் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வேகமாகக் கத்தினால் எண்ணுவது கஷ்டம். பதிவு செய்து மெதுவாக ஓட்டி எண்ணலாம்.

ஜிபிஎஸ் புதையல் வேட்டை எப்படி நடத்துவது?

இந்த விளையாட்டுக்குப் பிறந்தநாளே உண்டு. பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்துவைத்திருந்த ஏற்பாட்டை 2000 மே மாதம் அமெரிக்க அரசு நிறுத்தியது. மறுநாளே, மே 3ஆம் தேதி, டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலக் காட்டில் ஒரு வாளியை ஒளித்துவைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டார். இன்று ஜியோகேச்சிங் என்று உலகமெங்கும் விளையாடுவது அதைத்தான்.

நீங்கள் உலக விளையாட்டில் சேர வேண்டியதில்லை. ஒரு புல்வெளியில் ஐந்து டப்பாக்களை மறைத்து, ஒவ்வொன்றின் எண்களையும் குறித்துக்கொண்டால் போதும். போன் ஜிபிஎஸ் திறந்த வானத்தின் கீழ் சுமார் ஐந்து மீட்டர் துல்லியம் தரும், மரத்தடியில் அதுவும் குறையும். இது குறையல்ல, இங்கேதான் விளையாட்டே இருக்கிறது. கடைசி ஐந்து மீட்டருக்குப் போன் உதவாது. அங்கே இயற்கைத் துப்பு வையுங்கள்: "பாசி அடர்ந்த பக்கத்தில் பார்", "மூன்று இலைக் கொத்துள்ள செடிக்குப் பின்னால்". டப்பாவுக்குள் மிட்டாய் வேண்டாம், எறும்பு முந்திவிடும். ஒரு நோட்டும் பென்சிலும் வையுங்கள். கண்டுபிடித்தவர் அங்கே பார்த்த ஓர் உயிரினத்தை வரைந்துவிட்டுத் திரும்ப மூட வேண்டும். குழி தோண்டிப் புதைக்காதீர்கள், பொந்துகளுக்குள்ளும் வைக்காதீர்கள். உள்ளே ஏற்கெனவே யாராவது குடியிருக்கலாம்.

என் பிள்ளைக்கு அறிவியல் ஓடாது, வரைவது பிடிக்கும். அதற்கு?

சூரிய அச்சு. ஜான் ஹெர்ஷல் 1842ல் கண்டுபிடித்த சயனோடைப் முறை. இரும்பு உப்பு பூசிய தாளில் இலையையோ இறகையோ வைத்து வெயிலில் சில நிமிடம் காட்டி, தண்ணீரில் அலசினால் வெளிச்சம் பட்ட இடம் அடர்நீலமாகும், இலை இருந்த இடம் வெள்ளையாக நிற்கும். அன்னா அட்கின்ஸ் என்ற தாவரவியலாளர் 1843ல் கடற்பாசிகளை இப்படி அச்சிட்டுத் தொகுக்கத் தொடங்கினார். ஒளிப்படங்கள் கொண்ட முதல் புத்தகமாக அதைத்தான் சொல்கிறார்கள். பூசிய தாள் தயாராகவே கிடைக்கும், ரசாயனத்தைப் பிள்ளைகள் கலக்க வேண்டாம். போனில் எடுத்த படத்தை நெகட்டிவாக மாற்றி ஒளிபுகும் ஷீட்டில் பிரின்ட் எடுத்து, அதையும் இந்தத் தாளில் வைத்து வெயிலில் காயவைக்கலாம். காலையில் எடுத்த டிஜிட்டல் படம் மத்தியானம் நீல அச்சாகிவிடும்.

இன்னொன்று, இயற்கைப் பொருட்களால் ஸ்டாப் மோஷன், அதாவது பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம் எடுத்து, அது தானே அசைவதுபோல ஓட்டுவது. கூழாங்கல் வரிசை பாம்பாக நெளிய வேண்டும், உதிர்ந்த இலைகள் பச்சையிலிருந்து பழுப்புவரை நிறவரிசையில் சுழல வேண்டும். நொடிக்கு 12 படம் என்றால் ஐந்து நொடிக்கு 60 படம், 60 தடவை கல்லை நகர்த்த வேண்டும். காற்று இலையைத் தூக்கிக்கொண்டு போகும், நிழல் நகர்ந்து படத்தில் விளையாடும். போனைத் தொடுவது ஒருவர், பொருளைத் தொடுவது மற்றவர் என்று பிரித்துவிடுங்கள். பறித்த இலை கூடாது, உதிர்ந்தது மட்டும்.

கோடிங் கற்கும் பிள்ளைகளை வெளியே இழுக்க வழி உண்டா?

மைக்ரோபிட்டைப் பாருங்கள். 2016ல் பிபிசி பிரிட்டன் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாக வழங்கத் தொடங்கிய சின்ன மின்பலகை. உள்ளங்கையில் அடங்கும், பேட்டரியில் ஓடும், 25 குட்டி விளக்குகள், அசைவையும் திசையையும் வெப்பத்தையும் வெளிச்சத்தையும் உணரும் வசதி. கட்டங்களை இழுத்து அடுக்கியே நிரல் எழுதலாம்.

எளிய திட்டம் ஒன்று: செடி தண்ணீர் கேட்பது. இரண்டு ஆணிகளை மண்ணில் குத்தி, ஒன்றை மைக்ரோபிட்டின் 3 வோல்ட் முனையிலும் மற்றொன்றை '0' என்று குறித்த முனையிலும் இணையுங்கள். ஈர மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், காய்ந்தது கடத்தாது. அளவு குறைந்தால் விளக்குகளில் அழுமூஞ்சி வர வேண்டும், அவ்வளவுதான் நிரல். எந்த அளவில் அழுவது என்பதில்தான் உண்மையான வேலை. அதற்கு மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆணியில் இடைவிடாமல் மின்சாரம் ஓடினால் சீக்கிரம் அரித்துவிடும், மணிக்கு ஒரு தடவை அளந்தால் போதும்.

கண்ணுக்குக் கெடுதல் இல்லையா?

வெளியே இருக்கும் நேரம் பிள்ளைகளின் கிட்டப்பார்வையைத் தள்ளிப்போட உதவுகிறது என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. தைவானில் 2010லிருந்து பள்ளிப் பிள்ளைகள் நாளுக்கு 120 நிமிடம் வெளியே இருக்க ஊக்குவிக்கிறார்கள். பகல் வெளிச்சத்தின் அளவு இதில் முக்கியமாகக் கருதப்படுகிறது. இதையே ஒரு விளையாட்டாக்கலாம். ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற ஆப், போனுக்குள் இருக்கும் உணரிகளின் அளவை எல்லாம் காட்டும். பல ஆண்ட்ராய்டு போன்களில் வெளிச்சத்தையும் காட்டும். அறைக்குள் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), மரநிழலில் சில ஆயிரம், முழு வெயிலில் ஒரு லட்சத்தைத் தொடலாம். நம் கண் இதைச் சரிசெய்துகொள்வதால் வித்தியாசம் இவ்வளவு என்று தெரிவதே இல்லை.

சூரியனைக் கேமராவாலோ தொலைநோக்கியாலோ பார்க்கவே கூடாது. போனையும் வெயிலில் கிடத்தாதீர்கள். ஐபோன்களுக்கு 35 டிகிரிவரைதான் ஏற்றது என்று தயாரிப்பாளரே சொல்கிறார்.

இரவில் என்ன செய்வது?

வெள்ளைத் துணியைக் கட்டி, பின்னால் ஒரு விளக்கு வைத்தால் அந்துப்பூச்சிகள் வந்து உட்காரும். படம் எடுத்து, எண்ணி, ஒரு மணி நேரத்தில் விளக்கை அணைத்துவிடுங்கள், அவற்றுக்கும் வேலை இருக்கிறது. வானத்துக்கு, நட்சத்திரங்களின் பெயரைக் காட்டும் ஸ்டெல்லாரியம் ஆப். ஆனால் முதலில் நட்சத்திரங்களைப் பிள்ளைகள் தாங்களே கோடு போட்டு உருவமாக்கிப் பெயர் வைக்கட்டும், ஆப் அப்புறம். சர்வதேச விண்வெளி நிலையம் கடந்து போகும் நேரத்தைப் பார்த்துவைத்தால், சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் மனிதர்கள் இருக்கும் ஒரு வெளிச்சப் புள்ளி மினுக்காமல் நகர்வதைக் காட்டலாம். 90 நிமிடத்தில் பூமியை ஒரு சுற்று சுற்றிவிடும்.

பிள்ளைகளின் படம், இடம் எல்லாம் இணையத்தில் போய்விடாதா?

போகும், நாம் பார்த்துக்கொள்ளாவிட்டால். போனில் எடுக்கும் படத்துக்குள்ளேயே எடுத்த இடம் பதிந்திருக்கும். பகிர்வதற்கு முன் அதை நீக்குங்கள், அல்லது கேமராவில் இடத்தைப் பதியும் வசதியையே அணைத்துவையுங்கள். தன் வீட்டுத் தோட்டத்துப் பட்டாம்பூச்சியைப் பதிவேற்றும் பிள்ளை தன் வீட்டு விலாசத்தையும் சேர்த்தே ஏற்றுகிறது. ஐநேச்சுரலிஸ்டில் இடத்தை மங்கலாக்கிக் காட்டும் வசதி உண்டு. 13 வயதுக்கு உட்பட்டவர்கள் பெரியவர்கள் கணக்கிலேயே, பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது செய்யட்டும். அரிய உயிரினம், பறவைக் கூடு இவற்றின் இடத்தையும் பொதுவில் சொல்லாதீர்கள். திருடுகிறவர்களும் ஆப் பார்ப்பார்கள்.

ட்ரோன்?

வேண்டாம். பறவைகள் மிரளும், விதிமுறைகள் இடத்துக்கு இடம் மாறும். அதைவிட, ட்ரோன் வந்தால் எல்லாப் பிள்ளைகளும் ட்ரோனைத்தான் பார்ப்பார்கள்.

ஒரு போன், நான்கு பிள்ளைகள். சண்டையை எப்படிச் சமாளிப்பது?

ஆளுக்கொரு போன் கொடுத்துத் தீர்க்காதீர்கள், அதோடு பேச்சு நின்றுவிடும். வேலையைப் பிரியுங்கள். ஒருவர் கண்டுபிடிப்பவர், ஒருவர் கேமரா, ஒருவர் நோட்டில் எழுதுபவர், ஒருவர் காவல். காவலுக்கு என்ன வேலை என்றால், மற்ற மூவரும் எறும்புப் புற்றை மிதிக்காமல் பார்ப்பது. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மாற்றம். மாற்றத்துக்கு மணியடிக்க மட்டும் போனின் டைமர்.

எனக்கே செடி, பூச்சி பெயர் எதுவும் தெரியாதே?

ரொம்ப நல்லது. தெரிந்தவர் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். நீங்கள் பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பீர்கள்.

நடுவில் யூட்யூப் பக்கம் நழுவிவிட்டால்?

ஏரோப்ளேன் மோட். சீக், மெர்லின் இரண்டும் முன்பே தேவையானதை இறக்கிவைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலே ஓடும். அதற்கும் மசியாத பிள்ளை ஒன்றிரண்டு இருக்கும். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குப் பூதக்கண்ணாடியைக் கொடுத்துவிடுங்கள், தண்டனைபோல அல்ல, பதவி உயர்வுபோல.

நாலாயிரம் படம் சேர்ந்துவிட்டது. என்ன செய்வது?

வீடு திரும்பும் முன்பே, மரத்தடியில் உட்கார்ந்து பத்துப் படம் மட்டும் மிச்சம் வைக்கச் சொல்லுங்கள். அழிப்பதற்குப் பிள்ளைகள் அழுவார்கள். எதற்காக இந்தப் படம் வேண்டும் என்று பேசிப் பேசித்தான் பத்துக்கு வருவார்கள், அந்த அரை மணி நேரப் பேச்சு எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பிடிக்கும். பத்தையும் பிரின்ட் எடுத்து நோட்டில் ஒட்டி, பக்கத்தில் ஒரு வரி எழுதட்டும்.

அதோடு ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். மாதம் ஒரு தடவை, ஒரே இடத்திலிருந்து, ஒரே உயரத்தில் ஒரு படம். 12 மாதம், 12 படம், அவ்வளவுதான். நிற்கிற இடத்தில் ஒரு கல்லைப் பதித்துவையுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் மாதமே எங்கே நின்றோம் என்று சண்டை வரும்.